மேலிடத்துக்கு ஒரிஜினல்

ஒரு காகிதத்துக்கு ஒரே ஒரு அசல்தான் உண்டு, அதைக் கேட்பவர்கள் இரண்டு பேர் என்றால், யாரிடம் கொடுப்பது?

விருத்தாசலம் அம்சவல்லியின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இவ்வளவுதான். நாம் ஏன் பிறந்தோம், இறந்த பின் எங்கே போகிறோம் என்றெல்லாம் கேட்க வைக்கும் வாழ்க்கைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பிறர் சமைத்துப் போட, உட்கார்ந்து யோசித்தவர்களுடையவை. அம்சவல்லிக்கு அந்த வசதி கிடையாது. 2005ஆம் வருடம் அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய பதினான்கு வருடமும் செராமிக் எஸ்டேட்டில், அறிவழகன் என்பவரின் பொம்மைக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து ஈரத்தோடு வெளியே வரும் பொம்மையின் உடம்பில், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சிறு கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். கிருஷ்ணரானாலும் முயலானாலும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் காதோரம் சீவ வேண்டியிருந்தது.

அப்போது சிரிக்கும் புத்தருக்கு நல்ல மவுசு. தொப்பையைத் தடவினால் வீட்டில் பணம் சேரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சொன்னவருடைய பெயரிலேயே ஆசைக்கு ஒரு பொம்மை செய்து விற்பதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. அறிவழகனும் சென்னையிலிருந்து ஒன்றை வாங்கிவந்து, அதை வைத்து அச்செடுத்தார். அச்சு சரியாக விழவில்லை. வந்த புத்தர்கள் எல்லோரும் கடைவாய்ப் பல் வலியோடு இருந்தார்கள். அம்சவல்லி யாரையும் கேட்காமல், கத்தி முனையால் ஒவ்வொரு வாயையும் இரண்டு கீறலில் மேல்நோக்கித் திருப்பிவிட்டாள். புத்தர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் விஷமமான சிரிப்பு, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டவரின் சிரிப்பு. ஆனாலும் விற்றது.

விற்க ஆரம்பித்ததும் அவள் அறிவழகனிடம் போய், தன்னை ஃபினிஷிங் பகுதிக்குச் சூப்பர்வைசர் ஆக்கச் சொன்னாள்.

"பஞ்சு பிடிக்கிறவங்க எல்லாம் சூப்பர்வைசருன்னா, ஆஸ்பத்திரியில நர்சுங்க எல்லாம் டாக்டரும்மா" என்றார் அறிவழகன். "என் மோல்டுல வந்த பொம்ம அது."

"பொம்ம உங்களுதுங்க. சிரிப்பு என்னுது."

"அப்ப சிரிப்ப மட்டும் தனியா கம்பெனி வெச்சு வித்துக்க."

அவள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். "ஒன் ஸ்டூலு அப்படியே கெடக்கும். வேணுங்கறப்ப வந்து குந்திக்க" என்று அறிவழகன் பின்னாலிருந்து சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தனிக் கம்பெனி என்பது களிமண்ணில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கொளஞ்சிதான் சொன்னான். முப்பது வயது, எந்த ஆபீஸில் எந்த விண்ணப்பப் பாரம் என்று தூக்கத்திலும் சொல்வான்.

"மொதல்ல எடம் யாருதுன்னு காட்டணும்க்கா."

இடம் வீட்டுப் பின்புறக் கொட்டகை. வீடு, இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. உரிமையாளர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அம்சவல்லியின் கணவன் பச்சமுத்து, பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கும் டிராக்டரின் டிரைவர், "நேருல போயி வாங்கியாரட்டா?" என்று கேட்டான். அப்படிப் போகாமலே வாரிசுச் சான்று வாங்கினார்கள். பிறகு பச்சமுத்து வீட்டுக்காரராகவும் அம்சவல்லி வாடகைதாரராகவும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். ஒரு வாரம் அவன் வீட்டு உரிமையாளராகவே நடந்துகொண்டான். கொட்டகை வாசலில் நின்று கனைத்தான். டீ கேட்டான்.

"எந்த ஷரத்துல டீ இருக்குது, காட்டு" என்றாள் அம்சவல்லி.

அடுத்தது பெயர். 'பச்சமுத்து அண்டு ஒய்ஃப்' என்று வைக்கலாம் என்பது அவன் கட்சி. அவள் 'அம்சா செராமிக்ஸ்' என்று எழுதினாள். கடலூர் தொழில் மையத்தில் பாரம் கொடுத்து, தை கடைசியில் சிறுதொழிலுக்கான தற்காலிகப் பதிவுச் சான்று வந்தது. தொழில் தொடங்குவதற்கான வேலைகளைத் தொடங்கலாம் என்று அனுமதிக்கும் காகிதம் அது. அதைக் காட்டினால்தான் மின் இணைப்பைத் தொழில் கட்டணத்துக்கு மாற்றுவார்கள். மின்சார ரசீதைக் காட்டினால்தான் வங்கியில் கம்பெனி பெயரில் கணக்கு. கணக்குக்கு ரப்பர் ஸ்டாம்பு வேண்டும். 'அம்சா செராமிக்ஸ், உரிமையாளர்' என்று ஸ்டாம்பு வந்த நாளில் அவள் அதைப் பழைய நாள்காட்டியில் குத்திப் பார்த்தாள், அரிசி மூட்டையில் குத்திப் பார்த்தாள், தூங்கிக்கொண்டிருந்த பச்சமுத்துவின் முழங்கையிலும் குத்தினாள். அவன் மறுநாள் ஆலை வாசலில் கரும்பு வண்டிகளோடு வரிசையில் நிற்கும்போதுதான் பார்த்தான். அவனுக்கு முன்பே மற்ற டிரைவர்கள் பார்த்திருந்தார்கள்.

இந்த ஆறு மாத அலைச்சலில் அவளுக்குப் புரிந்த ஒரே சட்டம், எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி சொல்லப்பட்ட சட்டம். அவள் அசலை நீட்டுவாள். உள்ளே இருப்பவர் பின்னுக்குத் தள்ளுவார். "ஒரிஜினல இங்க ஏம்மா குடுக்கற? நகல் போதும். ஒரிஜினல் மேலிடத்துல கேப்பாங்க, பத்திரமா வெச்சிரு." அவள் பிளாஸ்டிக் உறையில் அசலைப் போட்டு, மேலிடம் கேட்கும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

மீதி இருந்தது ஒன்றே ஒன்று, நிரந்தரப் பதிவு. அதற்குத் தொழில் மையத்து ஆய்வாளர் நேரில் வந்து கொட்டகையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நிரந்தரப் பதிவு எண் இருந்தால்தான் எஸ்டேட்டின் பொதுச் சூளையில் தீபாவளி வரைக்குமான முறையில் அவளுக்கு நாள் ஒதுக்குவார்கள். மனு கொடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. சொந்தச் சூளை கட்டும் வசதி அவளுக்கு இல்லை. கொட்டகையில் இருநூற்று நாற்பது பச்சைப் புத்தர்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். சுடாத புத்தர் ஒரு மழைக்குத் தாங்கமாட்டார். ஐப்பசி மழைக்குள் சுடவில்லை என்றால், இருநூற்று நாற்பது பேரும் மறுபடி கூழாகிவிடுவார்கள். அவள் அறிவழகனின் ஸ்டூலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆய்வாளர் பெயர் பாண்டியன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். அம்சவல்லி ஏழு முறை கடலூர் போனாள். ஐந்து முறை 'சார் கேம்ப்' என்றார்கள். இரண்டு முறை அவரே இருந்து, "அடுத்த வாரம் கண்டிப்பா வரேம்மா" என்றார். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆடி பிறந்த அன்று கொளஞ்சி கடைக்கு வந்தாள்.

"ஒரு மனு அடிக்கணும் தம்பி."

"யாருக்கு? கலெக்டருக்கா?"

"மணவாளநல்லூருக்கு."

கொளஞ்சிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிய நீதிமன்றம். மாடு களவு போனாலும், வாங்கியதை ஒருவன் இல்லை என்றாலும், பெயர், ஊர், குறை எல்லாம் காகிதத்தில் எழுதி, ஊர்த் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கட்டி, சாமி முன் வைத்து, பிறகு சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் வழக்கு முடியும் என்பது நம்பிக்கை. முடிந்ததும் நேரில் போய், என் பிராதைத் திரும்பப் பெறுகிறேன் என்று 'ராஜினாமா' எழுதிக் கொடுக்க வேண்டும். கொளஞ்சி என்ற பெயரே அந்தச் சாமியுடையதுதான். அதற்காக அவன் டைப்பிங் கூலியைக் குறைத்ததில்லை.

"சாமிக்குக் கையால எழுதுனா போதும்க்கா."

"கையால எழுதி ஏழு தடவ கடலூருல குடுத்துட்டன். அடி."

அவன் பழக்க தோஷத்தில் முழு முறைப்படி அடித்தான். பெறுநர், அருள்மிகு கொளஞ்சியப்பர் அவர்கள். பொருள், நிரந்தரப் பதிவுக்கான ஆய்வு, காலதாமதம், தொடர்பாக. ஆய்வாளரின் பெயர், இனிஷியல், பதவி. கீழே இணைப்பு, ஐந்து.

"இணைப்பு எதுக்குக்கா? அவருக்குத் தெரியாததா?"

"தெரியும்னுதான் கடலூருலயும் சொன்னாங்க. அப்புறம் இணைப்பு இல்லன்னு திருப்பி அனுப்புனாங்க."

"சரி. தற்காலிகப் பதிவுக்கு ஜெராக்ஸ் எடுக்கட்டா?"

அம்சவல்லி கொஞ்சம் யோசித்தாள். "ஆறு மாசமா ஒவ்வொருத்தனும் என்னா சொல்றான்? நகல் இங்க, ஒரிஜினல் மேலிடத்துக்குன்னு. இதுக்கு மேல ஏதுடா மேலிடம்?"

கொளஞ்சி அசலையே சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தான். அவள் தர்க்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல முடியாத தர்க்கம்தான் மனிதரை வெகுதூரம் வழி தவறக் கூட்டிப் போகும். அன்று சாயங்காலம் 'அம்சா செராமிக்ஸ்' என்ற நிறுவனம் இவ்வுலகில் இருக்கிறது என்பதற்கான ஒரே அசல் ஆதாரம், சுருட்டி நூல் சுற்றி, வேலில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை, ஆகஸ்ட் எட்டு, ஆய்வாளர் பாண்டியன் வந்தார். சாமி அனுப்பி வரவில்லை. மேலதிகாரி நிலுவைப் பட்டியல் கேட்டதால் வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், அச்சுகளை எண்ணினார், மீட்டரைப் பார்த்தார். வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த புத்தர்களில் ஒருவரைத் தூக்கிப் பார்த்து, தானும் சிரித்தார்.

"எல்லாம் சரியா இருக்குதும்மா. தற்காலிகப் பதிவு ஒரிஜினலக் குடுங்க. அத வாங்கிக்கிட்டுத்தான் நிரந்தரம் போடணும்."

அம்சவல்லி நகலை நீட்டினாள்.

"இது ஜெராக்ஸு."

"ஒரிஜினல் கோயில்ல இருக்குது சார்."

"பூஜைக்கு வெச்சிருக்கிங்களா? நல்லது. எடுத்தாங்க, இருக்கேன்."

"கட்டியிருக்குது சார்."

"கட்டியிருக்குதா?"

"மணவாளநல்லூருல. பிராது."

பாண்டியன் கையிலிருந்த புத்தரை மெதுவாகக் கீழே வைத்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் அவருடைய சித்தப்பா ஒருமுறை பக்கத்து நிலத்துக்காரர் மேல் பிராது கட்டினார். மூன்றாம் வாரம் அந்த ஆள் தானே வந்து எல்லைக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டுப் போனதைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவர் அவர்.

"யாரு மேல?"

அம்சவல்லி அவரைப் பார்த்தபடி நின்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

"பேரு போட்டிங்களா?"

"போட்டேன் சார்."

"பாண்டியன்னு ஊர்ல நெறைய பேரு இருக்கறாங்க" என்றார் அவர், கொஞ்சம் நம்பிக்கையோடு. "இனிஷியலு?"

"ஒங்க டேபுள் மேல இருக்கற போர்டப் பாத்து அப்படியே எழுதுனேன் சார். பதவியும் போட்டேன்."

பச்சமுத்து உள்ளிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தான். பாண்டியன் முழுச் சொம்பையும் குடித்தார்.

"போயி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ஒரிஜினல வாங்கியாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுத் தரேன்."

"காரியம் முடிஞ்சாத்தான் ராஜினாமா சார். அதான் மொற. நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் அடுத்த பஸ்ஸுல போறன்."

"ஒரிஜினல் இல்லாம நான் எப்படிம்மா போடறது? எனக்கும் மொற இருக்குதுல்ல?"

கையெழுத்துக்கு அசல் வேண்டும். அசல் அவிழ ராஜினாமா வேண்டும். ராஜினாமாவுக்குக் கையெழுத்து வேண்டும். இரண்டு ஆபீஸுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, தத்தம் விதியில் உறுதியாக நின்றன. நடுவில் இருநூற்று நாற்பது பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியன் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

சாயங்காலம் அவள் கொளஞ்சியிடம் போனாள். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பாரம் இருந்தது.

"ஸ்டேசன்ல காணாமப் போச்சுன்னு ஒரு கம்ப்ளெய்ண்ட்டு குடுக்கா. டூப்ளிகேட்டு வாங்கிடலாம்."

"எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிக்கிட்டே காணோம்னு எழுதறதா? அதுவும் சாமி கையில இருக்கறப்ப? அவரத் திருடன்னு சொல்லச் சொல்றியாடா?"

"நான் அவரச் சொல்லலக்கா…"

"ஒம் பேரு வேற அவரு பேரு."

செவ்வாய்க்கிழமை அறிவழகன் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். ஊருக்குள் செய்தி பரவியிருந்தது. "என்னா அம்சவல்லி, கம்பெனியோட ஹெட் ஆபீசு மணவாளநல்லூருக்கு மாறிடுச்சாமே? ஸ்டூல தொடச்சி வெக்கச் சொல்லட்டா?"

"மொதல்ல ஒங்க புத்தருக்குப் பல்வலி தீந்துச்சா, பாருங்க" என்றாள். அறிவழகன் போன பின்பு கொட்டகைக்குள் போய், வெகுநேரம் ஒரே பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பச்சமுத்து எட்டிப் பார்த்தான். பொம்மையின் மூக்கு ஏறக்குறையத் தேய்ந்துபோயிருந்தது.

"வுடு அம்சா" என்றான். "மூணு நாளு இருக்குது."

"மூணு நாளுல என்னா நடக்கும்?"

"நமக்கு ஒண்ணும் நடக்காது. அந்தாளுக்கு நடக்கும்."

பச்சமுத்து வாழ்நாளில் சொன்ன சரியான வாக்கியங்கள் மிகக் குறைவு. இது ஒன்று. புதன்கிழமை மதியம் பாண்டியன் தனியாக வந்தார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு நாளில் ஆள் இளைத்துப்போயிருந்தார். விஷயம் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் அவருக்குக் கால் இடறியதற்கும், குழாயில் தண்ணீர் வராததற்கும், பையன் கணக்கில் தோற்றதற்கும் வீட்டில் இப்போது ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது.

"அவன் எப்பவும் கணக்குல தோக்கறவன்மா" என்றார் பாண்டியன், அழுகிற குரலில். "சொன்னா கேக்க மாட்டேங்கறா."

கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். "அசல் பெறப்பட்டதுன்னு நானே குறிப்பு எழுதிடறேன். வேல போனாலும் போவுது. இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆனா நாளைக்கிக் காலையில மொத பஸ்ஸுல போயி ராஜினாமா குடுத்துடணும். சத்தியமா?"

பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்து விழ வேண்டிய இடம் காகிதத்தின் அடியில் காலியாக இருந்தது. கிழக்குப் பக்கச் சுவரோரம் புத்தர்கள் நன்றாகக் காய்ந்து வெளுத்திருந்தார்கள். சூளை மனுவுக்கு இன்னும் இரண்டு நாள். ஆறு மாதமாக அவள் கேட்டது அந்த ஒரு கிறுக்கல்தான். அதைப் போடுவதற்கு ஓர் அரசாங்க அதிகாரி அவள் வீட்டு வாளியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பச்சமுத்து வாசற்படியிலிருந்து கண்ணாலேயே, வாங்கிடு வாங்கிடு என்றான்.

அம்சவல்லி களிமண் ஒட்டிய கையை அந்தக் காலி இடத்தின் மேல் வைத்தாள்.

"இப்பப் போடாதீங்க சார்."

"ஏம்மா? வேற என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். டீ குடிச்சிட்டு இருங்க."

முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, கொளஞ்சி கடைக்குப் போனாள். ராஜினாமா அடிக்கச் சொன்னாள். முறைப்படி அதில் பிராது தீர்ந்த விதம் என்று ஒரு வரி வர வேண்டும்.

"கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல."

"அப்பத் தீந்துச்சின்னு எப்படிக்கா எழுதறது?"

"எழுதாத."

"காரணம் இல்லாம ராஜினாமாவா? ரெண்டு நாளுல கெடு முடியுது. நீ போயி அவுத்துட்டா அந்தாளு எழுந்து வூட்டுக்குப் போயிடுவான். அப்புறம் புடிக்கறதுக்கு ஒங்கிட்ட என்னா இருக்குது?"

"அடிக்கறியா, வேற கடைக்குப் போவட்டா?"

அவன் அடித்தான்.

பாண்டியன் அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அசலை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார் என்பதும், நாலரை மணிக்கு அவள் சூளை முறைக்கு மனு கொடுத்தாள் என்பதும் பதிவேடுகளில் இருக்கின்றன. ஆனால் புதன்கிழமை மதியம் அப்படி நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. ஆறு மாதத்தில் கடலூருக்கு ஏழு முறை அலைந்தவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். சாமிக்குப் பயந்துவிட்டாள் என்று அறிவழகன் சொன்னார். அந்தாளு முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் போயிருப்பாள் என்றான் கொளஞ்சி. பச்சமுத்து பல வருடம் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தான். குடித்துவிட்டுக் கேட்டான், குடிக்காமலும் கேட்டான். இதில் எதுவும் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. அவள் அன்று அவருக்குக் கொடுக்கச் சொன்ன டீயில் சர்க்கரைகூட இல்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் அவள் மூன்று மணி டவுன் பஸ்ஸில் ஏறி மணவாளநல்லூரில் இறங்கினாள். காரணம் எழுத வேண்டிய வரியை வெறுமையாக விட்டபடி, ராஜினாமாவைச் சன்னதியில் கொடுத்தாள்.